வைஃபை வேலை படிக்கப் போகும் பிள்ளைகள்: பணம் கட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் அன்னவாசலில் நம்மைத் தேடி வரும் பெற்றோர்கள் கூடிவிடுவார்கள். மார்க் ஷீட்டை நீட்டி துஆ செய்யச் சொல்வார்கள். அப்படியே, "அடுத்து எதில் சேர்க்கலாம் ஹஜ்ரத்?" என்றும் கேட்பார்கள். மதரஸாவில் ஓதியதோடு பி.ஏ. பட்டமும் வாங்கியிருப்பதால் நமக்கு எல்லாப் படிப்பும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குப் பயந்தே பல விஷயங்களை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

சென்ற முறை ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு தாய் மகனோடு வந்தார். அத்தா சவூதியில் இருக்கிறார். கையில் ஒரு நோட்டீஸ். மூன்றே மாதத்தில் வயர்லெஸ் நெட்வொர்க் இன்ஜினியர் ஆகலாம், வளைகுடாவில் வேலை உறுதி, கட்டணம் 65,000 ரூபாய் என்று போட்டிருந்தது. "கழுத்துல கிடக்குறதை அடகு வெச்சிடலாம்னு இருக்கேன் ஹஜ்ரத், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். வட்டிக்கு அடகு வைப்பது பற்றி நாம் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னோம். படிப்பைப் பற்றிச் சொல்ல நமக்கு அன்று எதுவும் தெரியவில்லை. "ஒரு வாரம் பொறுங்கம்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பினோம்.

அந்த விசாரணையில் கிடைத்ததைத்தான் எல்லாப் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம். நாம் டெக்னீசியன் அல்ல. இந்த வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் வளைகுடாவில் இருப்பவர்களிடமும் கேட்டும், படித்தும், கொஞ்சம் கைவைத்துப் பார்த்தும் அறிந்தவை இவை.

உண்மையில் இது என்ன வேலை?

வைஃபை என்றால் ரவுட்டரை மாட்டிவிட்டு பாஸ்வேர்டு போடுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம், மதரஸா அலுவலகத்தில் இணையம் கோளாறு ஆகும்வரை. சில போன்களில் வரும், சில போன்களில் வராது. காலையில் வந்த போனில் மாலையில் வராது. வந்து பார்த்த ஒருவர் ரவுட்டரை மாற்ற வேண்டும், 4,000 ரூபாய் ஆகும் என்றார். பிறகு தெருவில் இந்த வேலை பார்க்கும் ஒரு தம்பியைக் கூப்பிட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா ஏதாவது மாட்டுனீங்களா ஹஜ்ரத்?" என்பதுதான்.

மாட்டியிருந்தோம். ஒருவர் அன்பளிப்பாகத் தந்த பழைய ரவுட்டரை வகுப்பறைப் பக்கம் வைத்து ஒரு கேபிளால் இணைத்திருந்தோம். வலையில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி வேண்டும். அதைக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. இதற்கு டிஹெச்சிபி என்று பெயர். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் முகவரி கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு ரவுட்டர்களும் கொடுத்துக்கொண்டிருந்தன. பழைய ரவுட்டரிடம் முகவரி வாங்கிய போன்கள், வெளியே போகும் வாசல் அதுதான் என்று நம்பி அங்கேயே நின்றுவிட்டன. அந்தத் தம்பி இரண்டாவது ரவுட்டரில் அந்த வசதியை நிறுத்தினார். பத்து நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை.

கோளாறு எந்தப் படியில் இருக்கிறது என்று வரிசையாகப் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் உயிர். மின்சாரம் வருகிறதா, கேபிள் சரியா, சிக்னல் போதுமா, முகவரி கிடைத்ததா, வெளி இணையம் வருகிறதா என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். இதைப் பழக்காத பயிற்சி எத்தனை ஆயிரம் வாங்கினாலும் பயிற்சி ஆகாது.

கம்பியில்லா வேலைக்குக் கம்பிதான் ஆரம்பம்

நல்ல பயிற்சி நிலையத்தில் முதல் வாரம் பையன் கேபிள் வெட்டிக்கொண்டிருப்பான். வைஃபை கருவி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கேபிள் இருக்கிறது. அதற்குள் எட்டு மெல்லிய கம்பிகள். பரவலாகப் பின்பற்றப்படும் டி568பி வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இதை ஆர்ஜே45 என்ற கனெக்டருக்குள் நுழைத்து கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். இத்தகைய கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மின்சாரத்தையும் இதே கேபிளில் அனுப்பும் முறைக்கு பிஓஇ என்று பெயர். கூரையில் இருக்கும் கருவிக்கும் சிசிடிவி கேமராவுக்கும் தனியாகப் பிளக் தேவையில்லாமல் போனது இதனால்தான்.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு ஊடுருவும். வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4-ல் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று விழாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். கடைவீதியில் பத்துக் கடைகளும் ஒரே சேனலில் இருந்தால், சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவுவது போலத்தான். யாருக்கும் எதுவும் கேட்காது. இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவை சிக்னலுக்கு எதிரிகள். நம் வீடுகளில் ரவுட்டரை பீரோவின் மேலேதான் வைக்கிறோம்!

சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகச் சொல்வார்கள். மைனஸ் 50 மிக நன்று. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67 வரை இருந்தால் நல்லது. மைனஸ் 80 என்றால் நம்ப முடியாது. 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. இந்தக் கணக்கு புரிந்த பையன், "இங்கே ஒரு பெட்டி கூடுதலாக வைக்க வேண்டும்" என்று ஆதாரத்தோடு சொல்வான். புரியாதவன் குத்துமதிப்பாகச் சொல்லி வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவான்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சற்று முன்பு ஊடகங்களுக்குப் போன மின்னஞ்சல் எங்கிருந்து வந்தது என்று தேடிய காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய கணினிகளைக் கைப்பற்றி விசாரித்தார்கள். அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்ற அரசின் கண்டிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

அமெரிக்கருக்கே அந்த நிலை என்றால், பூட்டாத வைஃபை வைத்திருக்கும் நம் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மேலே உள்ள பூட்டு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும். டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. ரவுட்டரின் உள்ளே நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டை வாங்கியபடியே விடக்கூடாது. விருந்தினருக்குத் தனி வலை கொடுக்க வேண்டும். பயிற்சி நிலையத்தில் இந்தப் பாடம் எத்தனையாவது நாளில் வருகிறது என்று கேளுங்கள். கடைசி நாளில் வந்தால் யோசியுங்கள்.

தேனியில் நடந்தது

இந்தத் தொழிலில் பராமரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. (5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இப்படி விரிவாகத் திறந்துவிடப்பட்டது 2018 அக்டோபரில்.) ஏறக்குறைய அதே காலத்தில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு முயற்சியில் இறங்கினார்கள். தேனி மாவட்டக் கிராமங்களில் சிறிய கண் பரிசோதனை மையங்களை அமைத்து, அங்குள்ள நோயாளியை தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசும்படி செய்ய நினைத்தார்கள். கிராமங்களில் அன்று நல்ல இணையம் இல்லை. ஆகவே வீட்டில் நாம் பயன்படுத்தும் அதே வைஃபையை, திசை நோக்கி நிற்கும் ஆண்டெனாக்கள் வைத்து, 1 முதல் 15 கிலோமீட்டர் வரை தாவ வைத்தார்கள். சில கருவிகள் கோபுரங்களில் ஏறின. சில மொட்டைமாடிக் கம்பங்களில் நின்றன. ஓர் ஆலை வளாகத்துப் புகைபோக்கிகூட ஆண்டெனா தாங்கியது.

தூரம் கூடினால் சாதாரண வைஃபை தடுமாறும். ஒவ்வொரு செய்தி போனதும் "கிடைத்தது" என்ற பதிலுக்காக அது கொஞ்ச நேரம் காத்திருக்கும். பதில் தாமதித்தால் தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்பும். தொலைதூர இணைப்பில் பதில் வந்து சேர்வதற்குள் பொறுமை தீர்ந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இந்தக் காத்திருப்பு முறையை நீக்கி, இரு பக்கமும் முறை வைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். 2007-ல் வெனிசுலாவில் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு ஏற்படுத்திக் காட்டியிருக்கிறார்கள் என்றால், மலைக்கு மலை பார்வை இருந்தால் அலை எவ்வளவு போகும் என்று பாருங்கள்.

தேனியில் பெரிய தலைவலியாக இருந்தது தூரம் அல்ல. 2008-ல் அந்த ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை சொல்லும் செய்தி இது: பழுதுகளில் பெரும்பகுதி ரேடியோவால் வரவில்லை, மின்சாரத்தால் வந்தது. அழுத்தம் திடீரென்று ஏறும், இறங்கும், நின்று நின்று வரும். கருவி எரிந்துபோகும், சில சமயம் எரியாமல் அரைகுறையாக நிற்கும். விளக்கு எரிவதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். நிபுணர்கள் கடல் கடந்து இருந்தார்கள். கிராமத்தில் இருந்த ஊழியருக்கு எது பழுது என்று சொல்லத் தெரியவில்லை. ஆகவே அந்தக் குழு மலிவான மின் பாதுகாப்புக் கருவிகளை வடிவமைத்தது. உள்ளூர் ஆட்கள் தாங்களாகவே பராமரிக்கும்படி படிப்படியாகப் பொறுப்பை அவர்களிடம் மாற்றியது. இமாச்சலின் தர்மசாலாவில் இயங்கிய ஏர்ஜால்டி அமைப்பின் அனுபவமும் அதே கட்டுரையில் இருக்கிறது. அங்கே கூடுதல் தொல்லை குரங்குகள். ஆண்டெனாவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

2018 நவம்பர் 16 கஜா புயலை அனுபவித்த புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. கரண்டு போய், டவர் போய், வெளிநாட்டில் இருந்தவர்கள் வீட்டுக்குப் பேச முடியாமல் தவித்த நாட்கள் அவை. அப்போது நமக்குத் தேவைப்பட்டது உள்ளூரில் ஒரு பேட்டரியையும் ஒரு ஆண்டெனாவையும் சரிசெய்யத் தெரிந்த ஆள்தான். எர்த் போடுவது, சர்ஜ் புரொடெக்டர், யுபிஎஸ் பற்றி எதுவும் சொல்லித்தராத வைஃபை படிப்பு நம் மாவட்டத்துக்கு ஆகாது.

மொட்டைமாடியிலிருந்து மொட்டைமாடிக்கு இணைப்பு கொடுப்பவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று: கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நடுவழியில் பருத்துப் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்பு என்றால், நடுவில் பார்வைக் கோட்டைச் சுற்றி சுமார் 10 மீட்டராவது மரமோ கட்டடமோ குறுக்கிடாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் சரியாக இருந்த இணைப்பு, வேப்பமரம் வளர்ந்தபின் படுத்துவிடுவது இதனால்தான். நம் ஊரில் உயரமான இடம் என்றால் சித்தன்னவாசல் குன்று நினைவுக்கு வரும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அங்கே கம்பம் நடும் யோசனையை ஒரு பையன் நம்மிடம் சொன்னான். அந்தப் பேச்சையே எடுக்காதே என்று சொல்லிவிட்டோம்.

கம்பத்தில் ஏறுவது உயிர் சம்பந்தப்பட்டது. பெல்ட் இல்லாமல், மின்கம்பி அருகில், மழை மேகம் இருக்கும்போது ஏறச் சொல்லும் முதலாளியிடம் பிள்ளையை விடாதீர்கள். இதைத் தாய்மார்கள் தயங்காமல் நேரில் கேட்க வேண்டும்.

எங்கே படிக்கலாம், என்ன செலவு?

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஐடிஐ-யில் 'கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டெனன்ஸ்' என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்ப அமைப்புப் பராமரிப்புக்கு ஈராண்டுப் பிரிவும் உண்டு. அரசு ஐடிஐ-களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ படிப்புக்கும் கிடைக்கும். எல்லா ஐடிஐ-யிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. ஆகவே புதுக்கோட்டை அரசு ஐடிஐ-க்கு நேரில் போய், பக்கத்தில் எங்கே இந்தப் பிரிவு இருக்கிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். ஒரு வருடம் போகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அந்தச் சான்றிதழ் அரசு முத்திரையோடு வருகிறது. நோட்டீஸ்காரரின் சான்றிதழில் அவர் படம்தான் இருக்கும்.

குறுகிய காலப் பயிற்சி வேண்டும் என்றால், மத்திய அரசின் திறன் திட்டத்தில் 'ஃபீல்டு டெக்னீசியன் நெட்வொர்க்கிங் அண்ட் ஸ்டோரேஜ்' என்ற பாடம் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் 4-ஆம் நிலையில் இருக்கிறது. சேரும் முன் அந்த மையம் உண்மையிலேயே அங்கீகாரம் பெற்றதா என்று அரசுத் தளத்தில் பாருங்கள்.

வீட்டில் இருந்தே தொடங்க, சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் அடிப்படைப் பாடங்கள் இலவசம். பாக்கெட் ட்ரேசர் என்ற அதன் மென்பொருளில் ரவுட்டர் வாங்காமலேயே திரையில் வலை அமைத்துப் பழகலாம். 'வயர்லெஸ் நெட்வொர்க்கிங் இன் த டெவலப்பிங் வேர்ல்டு' என்ற ஆங்கில நூல் 2006-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆங்கிலம் தடுக்கும் பிள்ளைக்கு வீட்டில் படித்த அக்கா உட்கார்ந்து விளக்கினால் இருவருக்கும் லாபம்.

சிசிஎன்ஏ என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சிஸ்கோ நிறுவனத்தின் தேர்வு. 120 நிமிடம், கட்டணம் 300 டாலரும் வரியும், மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும். எழுத முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். 'சிசிஎன்ஏ கோர்ஸ்' என்று வாங்கும் பணத்தில் பல இடங்களில் இந்தத் தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்காது. பயிற்சி முடித்ததற்கு நிலையம் தரும் காகிதம் வேறு, தேர்வில் தேறிப் பெறும் சான்று வேறு. கட்டணத்தில் தேர்வு அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அந்தத் தாய் கொண்டுவந்த நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு நாமே பேசினோம். தேர்வுக் கட்டணம் சேராது என்றார்கள். எத்தனை ரவுட்டர், எத்தனை ஆக்சஸ் பாயின்ட் வைத்துப் பயிற்சி தருகிறீர்கள் என்று கேட்டதற்கு "ஸ்மார்ட் போர்டு இருக்கு சார்" என்று பதில் வந்தது. போன வருடம் படித்த ஐந்து பேரின் எண் கேட்டோம். திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள்.

சபுர் போக நினைப்பவர்களுக்கு

வளைகுடாவில் இந்த வேலையை 'ஈஎல்வி டெக்னீசியன்' என்று சொல்வார்கள். நெட்வொர்க் கேபிள், சிசிடிவி, கதவுப் பூட்டு, ஃபயர் அலாரம் எல்லாம் சேர்ந்த குறைமின்னழுத்த வேலை அது. வைஃபை மட்டும் தெரிந்தவரைவிட சிசிடிவியும் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம் என்று போனவர்கள் சொல்கிறார்கள். முதலில் இங்கே ஓரிரு வருடம் கைப்பழக்கம் வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் அரசுத் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறதோ அதுதான் வேலை. பயிற்சி நிலையம் வாயால் சொன்னது அங்கே எடுபடாது.

உள்ளூரிலும் வேலை இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் டான்ஃபிநெட் ஃபைபர் கொண்டுபோகிறது. ஃபைபர் ஊராட்சி அலுவலகம் வரை வந்தபின் அதை வீட்டுக்கும் கடைக்கும் பிரித்துக்கொடுக்க ஆள் வேண்டும். 2020 டிசம்பர் 9-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில், ஒரு டீக்கடையோ மளிகைக்கடையோ உரிமம் இல்லாமல் பொது வைஃபை கொடுத்துச் சிறிய வருமானம் பார்க்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கி, வில்லியனூரை நடுமையமாக வைத்து ரேடியோ வழியாகவே கணினிகளை இணைத்தது. அந்த மையங்களை நடத்தியவர்களில் பலர் அந்தந்தக் கிராமத்துப் பெண்கள். கம்பம் ஏறுவது இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான். அமைப்புகளைத் திரையில் சரிசெய்வதும், இணைப்புகளைக் கண்காணிப்பதும் உட்கார்ந்து செய்யும் வேலை.

அந்தத் தாய் அடுத்த வாரம் வந்தார். நாம் விசாரித்ததைச் சொன்னோம். செயின் கழுத்திலேயே இருக்கிறது. ஐடிஐ விண்ணப்பம் போட்டாயிற்று. சேர்க்கை வரும்வரை பையன் சும்மா இருக்க வேண்டாம் என்று சில நூறு ரூபாயில் ஒரு கிரிம்பிங் டூலும் டெஸ்டரும் கொஞ்சம் கனெக்டரும் வாங்கிக் கொடுத்து, நம் மதரஸாவுக்கு வந்த தம்பியிடம் விட்டோம். முதல் நாள் பத்து கனெக்டர் போட்டானாம். டெஸ்டரில் நாலுதான் தேறியது. மற்ற ஆறையும் வெட்டிவிட்டு மறுபடி போடச் சொல்லியிருக்கிறார்.